கை வைத்தது மாஸ்க்கில், சத்தம் போனது ஒரு காதில்

காலி செய்த ஓர் அலுவலகத்தின் தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்த அவாயா ஐபி ஆஃபீஸ் 500 வி2 என்ற அலுவலக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெட்டி இப்போது என் மேஜைக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. கூடவே நெட்வொர்க் கேபிளில் ஓடும் சில அவாயா 1608 போன்கள். இந்தப் பெட்டியைப் பழையதாக வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கம் செருகியிருக்கும் எஸ்டி கார்டை. லைசென்ஸ் எல்லாம் அந்தக் கார்டின் எண்ணோடு கட்டியவை. கார்டு இல்லையென்றால் எடைக்குத்தான் போட வேண்டும்.

பின்னால் லேன் (LAN), வேன் (WAN) என்று இரண்டு போர்ட். பெட்டியை அமைக்கும் மேனேஜர் மென்பொருளில் இவைதான் லேன்1, லேன்2. ரீசெட் செய்த பெட்டி ஆன் ஆனதும், கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வரைத் தேடும். கிடைத்தால் அது தரும் முகவரியை எடுத்துக்கொள்ளும். யாரும் பதில் சொல்லாவிட்டால் தானே சர்வராகிவிடும்: லேன்1-க்கு 192.168.42.1, லேன்2-க்கு 192.168.43.1, மாஸ்க் (எந்த முகவரிகள் ஒரே வலையில் சேரும் என்று சொல்வது) 255.255.255.0. ஆகவே வீட்டு ரவுட்டர் பக்கமே போகாமல் லேப்டாப்பை நேராக லேன் போர்ட்டில் மாட்டினேன். லேப்டாப்புக்கு 192.168.42 வரிசையில் ஒரு முகவரி, அப்புறம் மேனேஜர். பெட்டி உடனே தெரிந்தது. இருந்த அமைப்பை ஒரு கோப்பாகச் சேமித்துவிட்டுத்தான் மற்றதில் கை வைத்தேன்.

இந்த மாஸ்க் தரும் 254 முகவரிகள் போதாமல் போகும் அலுவலகங்களில் மாஸ்க்கை 255.255.254.0 ஆக்குவார்கள், 510 கிடைக்கும். அதைச் செய்து பார்க்கத்தான் இவ்வளவும். புது மாஸ்க்கின் மூன்றாம் எண்ணான 254-ஐ இரும எண்ணாக (0, 1 மட்டும் வைத்து) எழுதினால் 11111110. கடைசி பிட் மட்டும் கணக்கில் வராது. 42 என்பது 00101010, 43 என்பது 00101011. வித்தியாசம் அந்தக் கடைசி பிட்டில்தான். அதனால் 42 சேர்வது 43-உடன். பக்கத்திலேயே இருந்தாலும் 41-உடன் ஒட்டாது, அது 40-இன் ஜோடி.

இங்கேதான் இந்தப் பெட்டியில் ஒரு பொறி இருக்கிறது. லேன்1-இன் மாஸ்க்கை அகலமாக்கினால் 192.168.43.1 அதற்குள் வந்துவிடும். அதுவோ லேன்2-இன் முகவரி. ஒரே வலை இரண்டு பக்கமும் இருந்தால் எந்தப் பக்கம் அனுப்புவது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? எனவே முதலில் லேன்2-ஐ 192.168.50.1-க்கு நகர்த்தினேன், பிறகு லேன்1-இன் மாஸ்க்கை மாற்றி, டிஎச்சிபி வரிசையை 192.168.43.10-இலிருந்து தொடங்கினேன். முகவரி மாற்றங்களுக்குப் பெட்டி ரீபூட் ஆகியே தீரும்.

போன்கள் பதிவாகின, மணியும் அடித்தது. ஆனால் ஒரு ஜோடிக்கு இடையே மட்டும் ஒரு பக்கக் குரல். 192.168.43.15-இல் (இனி சுருக்கமாக 43.15) இருந்தவர் பேசினால் 42.20-இல் கேட்கிறது, 42.20-இல் பேசினால் அங்கே மௌனம். மணி அடிக்க வைக்கும் தகவல் பெட்டி வழியாகப் போகிறது. குரல் அப்படியல்ல, போனிலிருந்து போனுக்கு நேராகப் போகும். சந்தேகத்துக்கு மேனேஜரில் 42.20 போனின் எக்ஸ்டென்ஷனில், குரலை நேராகப் போகவிடும் 'அலோ டைரக்ட் மீடியா பாத்' டிக்கை எடுத்தேன். குரலும் பெட்டி வழியாகச் சுற்றியது, இரு பக்கமும் கேட்டது. சரி, கோளாறு போனில்தான்.

42.20 அந்தப் பழைய அலுவலகத்தில் கையால் முகவரி போட்ட போன். அதை ரீபூட் செய்தேன். திரையில் டிஎச்சிபி விநாடிகள் ஓடும்போது கீழே '* டு ப்ரோக்ராம்' என்று வரும். அந்த நேரத்தில் நட்சத்திரத்தை அழுத்த வேண்டும்.  போன், கால் சர்வர், அதன் போர்ட் 1719, ரவுட்டர், மாஸ்க் என்று ஒவ்வொன்றாக வரும். # அழுத்தினால் அடுத்தது. புள்ளிக்கு நட்சத்திரம்.

மாஸ்க் இன்னும் 255.255.255.0. அந்தப் போனின் கண்ணுக்கு 43.15 வெளியூர். ஆகவே குரலை ரவுட்டரிடம் கொடுக்கிறது. ரவுட்டர் என்று எழுதியிருந்த முகவரியில் இப்போது எந்தக் கருவியும் இல்லை! 43.15-க்கோ புது மாஸ்க், 42.20 அதற்கு அடுத்த வீடு, நேராகக் கொடுத்துவிடுகிறது. மாஸ்க்கை 255.255.254.0 ஆக்காமல், போன் முகவரியை 0.0.0.0 என்று போட்டு டிஎச்சிபிக்கே விட்டுவிட்டேன். இனி மாஸ்க் மாறினால் ஒவ்வொரு போனாகத் தேடிப்போக வேண்டாம்.

டைரக்ட் மீடியா டிக் மறுபடி ஆன். இரு பக்கமும் கேட்கிறது. அடுத்து லேன்2 வழியாக ஒரு எஸ்ஐபி ட்ரங்க், அதாவது வெளி அழைப்புகளுக்கு இணையம் வழி இணைப்பு.