லேரி மன்சனின் ஊரில் ஒரு சனிக்கிழமை

அட்லாண்டாவிலிருந்து ஏதென்ஸுக்குச் சுமார் 70 மைல். ஐ-85 நெடுஞ்சாலையில் வடகிழக்கே போய் 316-இல் பிரிந்தால் அதுவே ஊர் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் புல்டாக்ஸ் அணி சொந்த மைதானத்தில் ஆடுகிற சனிக்கிழமைகளில் அந்தச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். ஜன்னலில் சிவப்புக் கொடி செருகாத காரைப் பார்ப்பதே அபூர்வம்.

என்னை அழைத்துப் போன அலுவலக நண்பர் நெரிசலைப் பற்றிக் கவலையே படவில்லை. காரில் ஏறியதும் பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டுவிட்டார். கரகரத்த குரல். ராத்திரி முழுக்கக் கண்விழித்து, நிறையப் புகைபிடித்துவிட்டு வந்து பேசுகிறவருடையது போல இருந்தது. பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அவருடைய மகள், பன்னிரண்டு வயதுக்காரி, அந்தக் குரல் ஒவ்வொரு வரியையும் சொல்வதற்கு அரை நொடி முன்பே தானும் சொல்லிக்கொண்டு வந்தாள். குரலுக்குரியவர் இறந்தது 2011 நவம்பரில். அவள் அப்போது பிறக்கவேயில்லை.

அவர் பெயர் லேரி மன்சன். 1966 முதல் 2008 வரை ஜார்ஜியா கால்பந்து ஆட்டங்களை வானொலியில் வர்ணித்தவர். இங்கே கால்பந்து என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து. நூறு யார்டு நீளக் களம். நான்கு முயற்சிக்குள் பத்து யார்டாவது முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இவ்வளவு தெரிந்தால் போதும். விதிகள் பிடிபடாமல் நான் திணறிக்கொண்டிருந்த காலத்தில், இந்த ஆட்டத்தில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது மன்சனின் ஒலிப்பதிவுகள்தான்.

தமிழில் கிரிக்கெட் வர்ணனையை அப்துல் ஜப்பாரின் குரலில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாசத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மன்சன் விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் நடுநிலையாகப் பேசியதே கிடையாது. ஒலிவாங்கிக்கு முன்னால் அவரும் ஒரு ஜார்ஜியா ரசிகர்தான். அணிக்குப் பந்து கிடைத்தால் நமக்குக் கிடைத்தது, தோற்றால் நாம் தோற்றோம். அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

இதில் என்னை மிகவும் ஈர்த்த விஷயம், அவர் ஜார்ஜியாக்காரரே இல்லை என்பது. பிறந்தது வடக்கே மினியாபொலிஸில், 1922-இல். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ மருத்துவமனையில் வேலை. பிறகு வயோமிங்கில் வானொலி, அப்புறம் நாஷ்வில்லில் நெடுங்காலம். அங்கே வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆட்டங்களை வர்ணித்தார். மீன்பிடித்தல், வேட்டை பற்றி ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியும் நடத்தினார். 1966-இல் ஜார்ஜியாவின் வர்ணனையாளராக இருந்த எட் திலேனியஸ், புதிதாகத் தொடங்கிய அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்குப் போய்விட, அந்த இடத்துக்கு மன்சன் வந்தார். நாற்பதைத் தாண்டிய வயதில், தெற்கத்திப் பேச்சு வராத நாக்கோடு ஒரு தென்மாநிலத்துக்கு வந்து, அந்த மாநிலத்தின் குரலாகவே ஆகிப்போன மனிதர். வேறெங்கோ பிறந்து இங்கே பிழைக்க வந்த என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கதை தரும் தெம்பு கொஞ்சநஞ்சமல்ல.

ஏதென்ஸில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் பல்கலைக்கழக வளாகம் முழுக்கத் திருவிழாதான். மரத்தடி எங்கும் கூடாரங்கள், அடுப்புகள், மடக்கு நாற்காலிகள். வளாகத்தின் வடக்கு வாசலில் இருக்கும் இரும்பு வளைவின் அடியில் மாணவர்கள் பட்டம் வாங்கும்வரை நடக்கக் கூடாது என்பது வழக்கம். ஒதுங்கிப் பக்கவாட்டில் போகிறார்கள். நண்பர் ஒரு கூடாரத்திலிருந்து அடுத்த கூடாரத்துக்கு இழுத்துக்கொண்டே போனார். போகிற இடமெல்லாம் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: மன்சனை ஏன் இவ்வளவு பிடிக்கும்?

பதில் கிட்டத்தட்ட எல்லோரிடமும் ஒன்றாகவே வந்தது. அவர் கவலைப்படுவார் என்றார்கள். எதிரணி எவ்வளவு சொத்தையாக இருந்தாலும் மன்சனின் வாயில் அவர்கள் மலை மலையான ஆட்கள் ஆகிவிடுவார்கள். நேரம் ஓடவில்லையே என்று புலம்புவார். இருபது புள்ளி முன்னிலையில் இருந்தாலும் ஏதோ விபரீதம் வரப்போகிறது என்றே பேசுவார். வீட்டில் ரேடியோ பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பவனின் வயிற்றுக் கலக்கம் அப்படியே அவர் குரலிலும் இருந்தது. அதனால்தான் வெற்றி வந்தபோது அவர் போட்ட கூச்சலை யாராலும் சந்தேகிக்க முடியவில்லை.

1982-இல் ஆபர்ன் அணியுடன் நடந்த ஆட்டத்தை ஒரு பெண்மணி நடித்தே காட்டினார். ஜெயித்தால் தென்கிழக்குப் பல்கலைக்கழக அணிகள் மோதும் எஸ்.இ.சி. பிரிவின் சாம்பியன் பட்டம், கூடவே நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுல் என்ற பருவ இறுதிப் பெரிய ஆட்டம். கடைசி நிமிடங்களில் ஆபர்ன் நெருக்கி வருகிறது. மன்சன் கேட்கிறவர்களை மறந்துவிட்டுக் களத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களிடமே கெஞ்ச ஆரம்பித்துவிட்டார்: “ரொம்பக் கேட்கிறேன்னு தெரியும் பசங்களா, இன்னும் ஒரே ஒரு தடவை காலை ஊன்றி நில்லுங்க!” நின்றார்கள். 19-14. “வானத்திலிருந்து சர்க்கரை கொட்டுது பாருங்க!” என்று கத்தினார். அந்த அம்மா அதைச் சொல்லும்போது கையை விரித்து மேலே பார்த்தார். கூடாரத்தில் இருந்த மற்றவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

வானொலிக்கு அந்த அளவு இடம் கிடைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. கல்லூரிக் கால்பந்தை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, ஒவ்வோர் அணியும் எத்தனை முறை தொலைக்காட்சியில் வரலாம் என்று அப்போது கட்டுப்பாடு வைத்திருந்தது. மைதானத்துக்குக் கூட்டம் வராமல் போய்விடுமோ என்ற பயம். 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டைத் தகர்த்தது. வழக்குப் போட்டவர்களில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தோடு ஜார்ஜியாவும் ஒரு தரப்பு. அதுவரைக்கும் பெரும்பாலான சனிக்கிழமைகளில் ரசிகனுக்கு ரேடியோவை விட்டால் வேறு வழியில்லை.

தொலைக்காட்சி வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு மன்சனை வைத்துக்கொண்டு படம் பார்ப்பார்கள். பின்னாளில் செயற்கைக்கோள் ஒளிபரப்பில் படம் சில நொடிகள் பிந்தி வரத் தொடங்கியதும் அதில் சிக்கல். ரேடியோவில் புள்ளி விழுந்த பிறகுதான் திரையில் பந்தே கிளம்பும். அப்போதும் பலர் ரேடியோவைத்தான் விடவில்லை, படத்தை விட்டுவிட்டார்கள்.

இனி அந்த 1980-ஐப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏதென்ஸில் யாரிடம் பேசினாலும் பேச்சு அங்கேதான் வந்து நிற்கிறது.

அந்தப் பருவத்தின் முதல் ஆட்டம் நாக்ஸ்வில்லில், டென்னஸியுடன். 15-2 என்று பின்தங்கியிருந்தபோது ஹெர்ஷல் வாக்கர் என்ற முதலாண்டு மாணவர், தடுக்க வந்தவரை நேராக மோதித் தள்ளிக்கொண்டு ஓடினார். “கடவுளே, இவன் முதலாண்டுப் பையன்!” என்றார் மன்சன். ஜார்ஜியா 16-15 என்று ஜெயித்தது. அதற்குப் பிறகு தோல்வியே இல்லாமல் வந்து, நவம்பர் 8 அன்று ஜாக்சன்வில்லின் கேட்டர் பவுல் அரங்கில் ஃப்ளோரிடாவைச் சந்தித்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. ஃப்ளோரிடா 21, ஜார்ஜியா 20. பந்து ஜார்ஜியாவின் சொந்தக் கோட்டிலிருந்து வெறும் ஏழு யார்டு தள்ளி. போக வேண்டியது 93 யார்டு. அது மூன்றாவது முயற்சி.

பந்தை எறிய வேண்டிய பக் பெலூ துரத்தப்பட்டு வலப்பக்கம் ஓடுகிறார். ஓடிக்கொண்டே எறிகிறார். லிண்ட்ஸே ஸ்காட் 25-ஆவது யார்டுக் கோட்டருகே துள்ளிப் பிடித்துத் திரும்புகிறார். அந்த இடத்திலிருந்து மன்சனின் வர்ணனையில் வாக்கியமே இல்லை. வெறும் எண்கள். முப்பது, முப்பத்தைந்து, நாற்பது, லிண்ட்ஸே ஸ்காட், நாற்பத்தைந்து, ஐம்பது. பாதிக் களம் தாண்டியதும் எண்கள் இறங்குமுகம்: நாற்பத்தைந்து, நாற்பது. “ஓடு லிண்ட்ஸே!” இருபத்தைந்து, இருபது, பதினைந்து, பத்து, ஐந்து. பிறகு அந்தப் பெயர் மட்டும், மூன்று முறை. குரல் கிழிந்தே போகிறது. மைதானத்தின் இரைச்சல் அதை விழுங்கிவிடுகிறது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பப் பேசுகிறார். நாற்காலியை உடைத்துவிட்டேன் என்கிறார். இரும்பு நாற்காலி, ஐந்து அங்குல மெத்தை போட்டது, அதை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன் என்கிறார். செயின்ட் சைமன்ஸ், ஜெக்கில் தீவுகளில் வீடு எடுத்துத் தங்கியிருக்கும் ஜார்ஜியாக்காரர்கள் இன்றிரவு எத்தனை சொத்தை நாசம் பண்ணப்போகிறார்களோ என்று வாய்விட்டு யோசிக்கிறார். இந்த நாற்காலிப் பகுதி எனக்கு அந்த ஓட்டத்தைவிடவே பிடிக்கும். தன் சொந்த உடம்பே கட்டுக்கடங்காமல் போன ஒரு கணத்தை, கேட்கிறவர்களிடம் வீட்டு மனிதரிடம் சொல்வதைப் போலச் சொல்லிவிடுகிறார்.

26-21. அதே நாளில் நாட்டில் முதலிடத்தில் இருந்த நோட்டர் டேம் அணியை 3-3 என்று சமனில் நிறுத்தியது யார் தெரியுமா? ஜார்ஜியாவின் பரம எதிரி ஜார்ஜியா டெக். அதனால் முதலிடம் ஜார்ஜியாவுக்கு வந்தது. 1981 புத்தாண்டு நாளில் அதே நோட்டர் டேமை 17-10 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள்.

சான்ஃபோர்டு ஸ்டேடியம் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. மேற்குப் பக்கப் பாலத்தில் நின்றாலே களம் தெரியும். 93,000 பேருக்கு மேல் கொள்ளும் அரங்கம் அது. களத்தைச் சுற்றி இடுப்பளவு பச்சை வேலி, செடியால் ஆனது. அணியின் அடையாளமான உகா நாய்கள் அரங்கத்துக்குள்ளேயே புதைக்கப்பட்டிருக்கின்றன. 1981-இல் கிழக்குப் பக்கம் இருக்கைகளால் அடைபடும் வரை, அங்கே போகும் ரயில் தண்டவாளத்து மேட்டில் உட்கார்ந்து காசில்லாமல் ஆட்டம் பார்த்த கூட்டம் ஒன்று இருந்தது.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர் ஒருவர் எனக்கு வலப்பக்க இருக்கையில் அமைந்தது என் அதிர்ஷ்டம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தண்டவாளத்தில் இருந்து பார்த்தால் தூரத்துக் கோடு சரியாகத் தெரியாதாம். அதனால் மடியில் டிரான்சிஸ்டர், அதில் மன்சன். “கண்ணுக்குத் தெரியாத பாதிக் களத்தை அவர்தான் காட்டினார்,” என்றார். உள்ளே டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களும் காதில் ரேடியோவோடுதான் இருப்பார்கள் என்றார். எதிரில் நடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டாலும், மன்சன் சொன்னால்தான் நடந்ததாக அர்த்தம்.

ஆட்டத்துக்குச் சற்று முன்பு அரங்கம் எழுந்து நின்றது. தென்மேற்கு மூலையில், மேல்தட்டில், ஒரே ஒரு மாணவர் டிரம்பெட்டை உயர்த்தி மெதுவாக வாசிக்கத் தொடங்கினார். தொப்பிகள் கழன்றன. ஆயிரக்கணக்கான கைகள் அந்த மூலையை நோக்கி நீண்டன. பெரிய திரையில் பழைய ஆட்டங்களின் காட்சிகள். அதன்மேல் மன்சனின் குரல், இந்தப் பல்கலைக்கழகத்தின் பாரம்பரியத்தைப் போல் பொறாமைப்படத் தக்கது வேறில்லை என்று நிதானமாகப் பேசுகிறது. பக்கத்துப் பெரியவரின் உதடுகள் அசைந்தன. முன்வரிசையில் இருந்த மாணவிகளின் உதடுகளும் அசைந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இடைவேளையில் பெரியவர் கடைசிக் காலத்தைப் பற்றிச் சொன்னார். 2007 முதல் மன்சனால் வெளியூர் ஆட்டங்களுக்குப் போக முடியவில்லை. சொந்த மைதானத்து ஆட்டங்கள் மட்டும். 2008 வசந்தத்தில் தலையில் அறுவை சிகிச்சை. அப்படியும் அந்த ஆகஸ்ட் கடைசியில் ஒலிவாங்கி முன் வந்து உட்கார்ந்து, பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களையும் வர்ணித்தார். செப்டம்பர் 22 அன்று விலகினார், 86 வயதாக ஆறு நாள் இருக்கும்போது. பல ஆண்டுகள் அவருடன் இருந்த ஸ்காட் ஹோவர்ட் அந்த இடத்துக்கு வந்தார். மன்சன் மறைந்தபோது இந்த அரங்கத்திலேயே நினைவுக் கூட்டம் நடந்தது, பெரியவரும் வந்திருந்தாராம்.

2022 ஜனவரியில் ஜார்ஜியா அலபாமாவை 33-18 என்று வென்று, 1980-க்குப் பின் முதல் தேசியப் பட்டத்தை எடுத்தபோது வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். “ஜெயித்தது தெரிந்ததும் டிவியை அணைத்துவிட்டு லிண்ட்ஸே ஸ்காட் ஓடியதைப் போட்டுக் கேட்டோம். அவர் இல்லாமல் எப்படிக் கொண்டாடுவது?”

நாங்கள் பார்க்கப் போன அந்தச் சனிக்கிழமையும் ஜார்ஜியாதான் ஜெயித்தது. ஜெயித்தால் வடக்கு வளாகத்து சேப்பல் மணியை அடிப்பது வழக்கம். 2007-இல் ஃப்ளோரிடாவை வென்ற இரவில் அடித்த அடியில் மணி தாங்கியிலிருந்து பெயர்ந்தே விழுந்துவிட்டதாம். நாங்களும் வரிசையில் நின்றோம். நண்பரின் மகள் கயிற்றைப் பிடித்து இழுத்தபடி “சர்க்கரை கொட்டுது” என்று மன்சனின் கரகரப்போடு கத்த, வரிசையே திருப்பிக் கத்தியது.

ஃப்ளோரிடா ஆட்டம் வழக்கமாக ஜாக்சன்வில்லில்தான் நடக்கும். அங்கே அரங்கப் புதுப்பிப்பு வேலை என்பதால் 2026-இல் அட்லாண்டாவுக்கும் 2027-இல் டாம்பாவுக்கும் மாற்றியிருக்கிறார்கள். அட்லாண்டா ஆட்டத்துக்கு நாங்கள் போவது உறுதி. பெரியவரும் வருவதாகச் சொல்லித் தொலைபேசி எண் கொடுத்திருக்கிறார். ஏதென்ஸ் போக நினைப்பவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். டிரம்பெட் வாசிப்பதற்கு முன் உங்கள் இருக்கையில் இருங்கள். போகும் வழியில் அந்த 1980 ஒலிப்பதிவை, நாற்காலி உடைகிற இடம் வரைக்கும், முழுசாகக் கேளுங்கள்.