நோய் அறுத்த நரம்பும் கை அறுத்த நரம்பும்

தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கும் நோயான ஏ.எல்.எஸ். பற்றிய ஆய்வுக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் முதுகுத்தண்டைப் பார்க்கவே ஆசைப்படுவார்கள். இயக்க நரம்பணுக்கள் சாகும் இடம் அதுதானே. ஆனால், அந்த நோயை உண்டாக்கும் எஸ்.ஓ.டி.1 மரபணு மாற்றம் ஏற்றிய சுண்டெலிகளில் சேதம் எதிர்முனையில் தொடங்குகிறது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்த 47-ஆம் நாளிலேயே, நரம்பு தசையைச் சந்திக்கும் முனைகளில் சுமார் 40 சதவீதத்தில் நரம்பு விலகியிருந்தது. முதுகுத்தண்டில் நரம்பணுக்கள் 80-ஆம் நாள்வரை குறையவில்லை. ஆகவே, முதலில் பார்க்கவேண்டியது தசையை. அங்கே காலியாகத் தெரியும் முனைகளில் எத்தனை நோயால் காலியானவை, எத்தனை நம் கை செய்தவை என்று பிரிப்பதில்தான் இந்த வேலையின் பெரும்பகுதி போகிறது.

எந்தத் தசை என்பதே முதல் கேள்வி. வேகமாகச் சுருங்கி விரைவில் களைக்கும் தசைநார்களின் நரம்புகள் முதலில் போகும். மெதுவாகச் சுருங்குபவை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். கெண்டைக்கால் ஆழத்திலுள்ள சோலியஸை மட்டும் பார்த்துவிட்டு ‘மருந்து காப்பாற்றியது’ என்று எழுதுவது வீண். முழங்காலுக்குக் கீழே முன்பக்கமுள்ள டிபியாலிஸ் ஆன்டீரியர் தசையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அது தடிமனானது, சீவித்தான் ஆகவேண்டும்; சீவும்போது வேறு தளத்திலிருந்து வந்து சேரும் நரம்பிழை வெட்டுப்பட்டு, நல்ல முனையும் காலியாகத் தெரியும். பாதத்திலுள்ள லம்ப்ரிக்கல் தசைகள் சில அடுக்கே தடிமன் என்பதால் முழுசாகச் சாயமேற்றலாம். புதியவர்கள் அதில் கைபழகுவதே நல்லது.

தசையை லேசாக இழுத்துச் சிலிக்கோன் தட்டில் ஊசி குத்தி, 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் வைக்கவேண்டும். கழுவியபின், கட்டுவிரியன் பாம்பின் நஞ்சான ஆல்ஃபா-பங்கரோடாக்சின். ஒளிரும் சாயம் இணைத்த அந்த நஞ்சு, நரம்பின் சைகையைத் தசைப்பக்கம் வாங்கும் அசிட்டைல்கோலின் ஏற்பிகளை ஏறக்குறைய விடாமல் பற்றிக்கொள்ளும் என்பதால் தசைப்பக்கம் பிசகுவது அரிது. பிசகுவதெல்லாம் நரம்புப்பக்கம். நரம்பிழையைக் காட்டும் நியூரோஃபிலமென்ட், நரம்பின் நுனியைக் காட்டும் எஸ்.வி.2 ஆகிய இரண்டு புரதங்களுக்குமான எதிர்ப்பான்கள் இரவு முழுக்க ஊறவேண்டும். பாராஃபார்மால்டிஹைடில் அதிகநேரம் கிடந்த தசையில் எஸ்.வி.2 மங்கிவிடும், நிறைந்த முனை பாதி நிறைந்ததாகக் கணக்கில் ஏறும். தசையின் மேலுறையை முரட்டுத்தனமாக உரித்தால் நரம்புக்கிளை பிய்ந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஒரே நரம்பணுவுக்குச் சொந்தமான தசைநார்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில்லை, மற்றவற்றோடு கலந்தே கிடக்கும். எனவே நோயில் காலி முனைகள் நிறைந்தவற்றுக்கு நடுவே சிதறியிருக்கும். ஒரு பட்டையாக எல்லாமே காலி, ஓரத்தில் பிய்ந்த நரம்பு என்றால் குற்றவாளி நம் இடுக்கிதான்.

உயிர் போனபின் நரம்புமுனைகள் சில மணிநேரத்திலேயே சிதையத் தொடங்கும். நோயுற்ற எலிகளை எப்போதும் கடைசியில் எடுத்தால் அந்தத் தாமதமே ஒரு ‘கண்டுபிடிப்பாக’ மாறிவிடும். வரிசையைக் கலைத்துப்போடுவதற்குச் செலவே இல்லை; ஆனாலும் பலர் செய்வதில்லை.

எண்ணுபவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக்கூடாது. ஒரு தசையில் நூறு முனைகளை எண்ணினாலும் அது ஒரு எலிதான். முனைகளை மாதிரி எண்ணிக்கையாகப் போட்டால் எதற்கும் புள்ளியியல் முக்கியத்துவம் கிடைத்துவிடும். எஸ்.ஓ.டி.1 எலிகளில் மரபணுப் பிரதிகள் தலைமுறை தாண்டும்போது குறையக்கூடும், குறைந்தால் நோய் தாமதமாகும். ஆகவே, ஒவ்வொரு விலங்கிலும் அளந்துபார்ப்பது கட்டாயம். ஆணுக்குப் பெண்ணைவிடச் சீக்கிரம் நோய் வரும். ஒரே ஈற்றுக் குட்டிகளைக் குழுக்களுக்குள் பிரித்துவைக்கவும் வேண்டும். 2008-இல் வந்த ஒரு மறுஆய்வு, குழுவுக்கு 24 விலங்குகளாவது வேண்டும் என்றது. முன்பு பலன் தந்ததாகச் சொல்லப்பட்ட பல மருந்துகள் அந்த ஒழுங்கில் சோதித்தபோது பலன் காட்டவில்லை.

மனிதத் தசைக்குப் போகும்போது இன்னொரு சிக்கல். சுண்டெலியின் முனை முறுக்குப் பிழிந்ததுபோல் தொடர்ச்சியாக இருக்கும். துண்டு துண்டானால் முதுமை அல்லது சேதம் என்று கண் பழகிவிடும். மனிதரின் முனையோ சிறியது, நலமாக இருக்கும்போதே துண்டுகளாகத்தான் தெரியும். கால் அகற்றும் அறுவை சிகிச்சைகளில் கிடைத்த தசைகளில் 2017-இல் இது விரிவாகக் காட்டப்பட்டது. எனவே, நோயாளியின் தசைத்துணுக்கை எலிப்படத்தோடு வைத்து மதிப்பிடக்கூடாது. அதே தசையிலிருந்து, ஏ.எல்.எஸ். இல்லாத மனிதரின் துணுக்கு ஒப்பீட்டுக்கு இருக்கவேண்டும். கிடைக்கவில்லை என்றால் வடிவத்தை விட்டுவிட்டு, ஏற்பிப்பரப்பில் நரம்பு எவ்வளவு மூடியிருக்கிறது என்பதை மட்டும் அளக்கலாம்.