மரிக்கொழுந்துப் பாசியும் என் ஆய்வேடும்

முதுகலை இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டிற்காக, மண்டபம், பாம்பன் கரையோரத்தில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள் பதினொருவரிடம் பேட்டி கண்டேன். ஒன்பது மணி நேர ஒலிப்பதிவைக் கையால் எழுதி முடிக்க நாள் போதாததால் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை நாடினேன். நெறியாளர் தடுக்கவில்லை, எதற்குப் பயன்படுத்தினேன் என்பதை ஏட்டில் மறைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

முதல் சிக்கல் ஒப்புதலில் வந்தது. பேச்சைப் பதிவு செய்யத்தான் அவர்களிடம் கேட்டிருந்தேனே தவிர, அதை இயந்திரத்திடம் கொடுக்கக் கேட்கவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், எந்தத் தீவின் ஓரம் பாசி எடுத்தோம் என்று ஒருவர் சொன்ன ஒற்றை வரியே அவரை வனத்துறையிடம் சிக்க வைக்கக்கூடும். மீண்டும் போய்க் கேட்டேன். ஒருவர் மறுத்தார், அவருடைய பேட்டியைக் கையால் எழுதினேன். மற்றவற்றை இணையம் இல்லாமல் மடிக்கணினியிலேயே இயங்கும் விஸ்பர் என்ற செயலி கொண்டு எழுத்தாக்கி, ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுத் திருத்தி, பெயர், தீவு, வியாபாரியிடம் வாங்கிய கடன் ஆகியவற்றை நீக்கிய பிறகே சுருக்குவதற்காக இணையச் செயலியில் இட்டேன்.

சுருக்கம் படிக்க அழகாக இருந்தது. அதில், பெண்கள் பாசியோடு மரிக்கொழுந்தும் விற்பதாக ஒரு வரி. அகர் என்ற கூழ்பொருள் எடுக்கப் பயன்படும் ஜெலிடியெல்லா பாசிக்கு எங்கள் கடற்கரையில் மரிக்கொழுந்துப் பாசி என்றே பெயர். அந்த வரியைப் படித்துக் காட்டியதும், விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "தலையில வைக்கிறது இல்லம்மா, இது பாறையில படர்றது" என்று சிரித்தார். இன்னொரு பிழை இப்படிச் சிரிப்பை வரவழைக்கவில்லை. தாங்களாகவே பேசி வைத்து 45 நாட்கள் பாசி எடுப்பதை நிறுத்துவதாக அவர்கள் சொல்லியிருக்க, விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலத்தை அவர்கள் தலையில் ஏற்றி, சொந்தக் கட்டுப்பாட்டை அரசின் உத்தரவாக்கிவிட்டது சுருக்கம். என் ஏட்டின் மையக் கருத்தே அந்தக் கட்டுப்பாடுதான். அதன் பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒலிப்பதிவின் நிமிடத்தைக் குறித்தேன். குறிக்க முடியாத வரியை அடித்தேன்.

மேற்கோள் நூல்களையும் அந்தச் செயலியிடமே கேட்டது என் சோம்பல். தந்த ஆறில் மூன்று கட்டுரைகள் எங்குமே இல்லை; ஒன்றில் இதழும் பக்க எண்ணும் உண்மை, ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்தது நண்டு பற்றிய கட்டுரை.

பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் தண்டனை இல்லை என்ற 2018ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதியைக் காட்டி, கவலைப்படாதே என்றார்கள் வகுப்புத் தோழிகள். இல்லாத கட்டுரை எதனோடும் ஒத்துப்போகாது என்பதால், அந்தச் சோதனையில் அது சுலபமாகத் தேறிவிடும்.

எந்தச் செயலி, எந்த மாதம், எந்த வேலைக்கு, எங்கே திருத்தினேன் என்று பின்னிணைப்பில் ஒரு பக்கம் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் புறத் தேர்வாளர் முதலில் புரட்டியது அந்தப் பக்கத்தைத்தான். 45 நாள் பேச்சைக் கேட்க வேண்டும் என்றார். அதைப் பேசிய அக்காவிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்ததால், அந்தப் பகுதியை மட்டும் ஒலிக்கவிட்டேன்.