க்ரூகர்ராண்டைக் குறைத்துப் பங்குகளைக் கூட்டிய அனுபவம்

2025 அக்டோபரில் தங்கம் முதன்முறையாக அவுன்சுக்கு 4,000 டாலரைத் தாண்டியபின், ஓய்வுக்காலத்திற்கென நான் சேர்த்து வைத்திருந்ததில் தங்கத்தின் விகிதம் திட்டமிட்ட அளவைவிட வெகுவாக ஏறிவிட்டது. ஓய்வூதியத் திட்டத்திற்குள் இருந்த தங்க நிதியைப் பங்குகளுக்கு மாற்றுவது இணையப் படிவம் ஒன்றோடு முடிந்தது. அதற்குள் மாற்றினால் மூலதன ஆதாய வரியும் இல்லை. அலைக்கழித்தவை பெட்டகத்தில் இருந்த க்ரூகர்ராண்ட் எனும் தென்னாப்பிரிக்கத் தங்க நாணயங்கள்தாம்.

டர்பனில் முதலில் சென்ற கடையில், விலை சொல்வதற்கு முன்பே முகவரிச் சான்று கேட்டார்கள். எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டின் மாநகராட்சிக் கட்டணச் சீட்டு என் கணவர் பெயரில் வருகிறது. அதை ஏற்க மறுத்த பணியாளர், வேறு எதைக் கொண்டுவர வேண்டும் என்பதையும் சொல்லாமல் அடுத்தவரை அழைத்துவிட்டார். நான் தம்முடன் அதே முகவரியில் வசிப்பதாகக் கணவர் பிரமாணப் பத்திரம் எழுதிக் காவல் நிலையத்தில் கையொப்பமிட்டு முத்திரை பெற்றால் போதும் என்பதை, வங்கியில் பணிபுரியும் என் நாத்தனார் சொல்லித்தான் அறிந்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது.

பத்திரத்தோடு வேறொரு கடைக்குப் போனேன். அங்கிருந்தவர், "இது 22 காரட்தானே அம்மா" என்று கூறி, ஓர் அவுன்சுக்குரிய 31.1 கிராமை 22ஆல் பெருக்கி 24ஆல் வகுத்து, 28.5 கிராமுக்கு விலை போட்டார். நாணயத்தைத் தராசில் வைக்கச் சொன்னேன். 33.93 கிராம் காட்டியது. செம்பு சேர்ந்த மொத்த எடை அது. அதற்குள் இருக்கும் சுத்தத் தங்கமே 31.1 கிராம். செம்பின் பங்கை இப்படி இருமுறை கழித்தால் ஒவ்வொரு நாணயத்திலும் இரண்டரை கிராமுக்கு மேல் போய்விடும். அவர் வாதாடாமல் கணக்கைத் திருத்திய வேகத்தைப் பார்த்தால், அது அறியாமையாக எனக்குத் தோன்றவில்லை. விற்கப் போகிறவர்கள் அன்றைய சந்தை விலையை ராண்டில் குறித்துக்கொண்டு, கடைக்காரர் அதிலிருந்து எவ்வளவு குறைக்கிறார் என்று நேராகவே கேளுங்கள்.

வரிக் கணக்குக்கு, நாணயங்களை வாங்கியபோது பெற்ற ரசீதுகள் இன்றியமையாதவை. அவை இல்லாவிட்டால் அடக்கவிலையை நிறுவுவது கடினம். 2025-26 வரியாண்டில் மூலதன ஆதாயத்தில் முதல் 40,000 ராண்டுக்கு விலக்கு இருந்தது. மிச்சத்தில் 40 விழுக்காடுதான் வருமானத்தோடு சேரும். வரியாண்டு பிப்ரவரி இறுதியில் முடிவதால், ஒரு பகுதியைப் பிப்ரவரியிலும் மறுபகுதியை மார்ச்சிலும் விற்று விலக்கை இருமுறை பெற்றேன். லாபத்திற்காக அடிக்கடி வாங்கி விற்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுடைய ஆதாயம் முழுவதும் வருமானமாகவே கருதப்படலாம்.

பங்கு வாங்கும்போதும் ஒரு தடங்கல். ஜோஹன்னஸ்பர்க் பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதி ஒன்றை ஆலோசகர் வற்புறுத்தினார். அதன் பட்டியலைத் திறந்தால் முன்வரிசையிலேயே ஆங்கிலோகோல்ட் அஷாந்தி, கோல்ட் ஃபீல்ட்ஸ் ஆகிய தங்கச் சுரங்க நிறுவனங்கள் நின்றன. தங்கத்தைக் குறைக்க வந்தவளுக்குச் சுரங்கத்தின் வழியாக மீண்டும் தங்கமா என்று கேட்டதும் பேச்சை மாற்றினார். இறுதியில், அதே சந்தையில் ராண்டிலேயே வாங்கக்கூடிய உலகப் பங்கு நிதியில் பெரும்பகுதியைப் போட்டேன். உள்ளூர்ப் பங்குகளுக்குச் சிறுபகுதியே ஒதுக்கினேன்.