சேர்மன் வீட்டு வாசலில் ராகு காலம்

ஒரு கல்யாணத்துக்காக ஈரோடு போயிருந்தோம். வெள்ளிக்கிழமை. பந்திக்கு நேரம் இருந்ததால், "வாருங்கள் மாப்பிள்ளை, சேர்மன் வீட்டைப் பார்த்துவிட்டு வருவோம்" என்றார் மாமனார். எந்தச் சேர்மன் என்று கேட்டுவிட்டேன். வரி பாக்கி வைத்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பெரியாரைத்தான் சொல்கிறார். நகராட்சியில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர் என் மாமனார். ஊருக்கெல்லாம் தந்தை பெரியார். இவருக்கு ஈரோடு நகராட்சியின் பழைய சேர்மன். வைக்கம், குடிஅரசு எல்லாம் ஓய்வுக்குப் பிறகு பார்த்த வேலை என்கிற மாதிரிதான் பேசுவார்.

"இவர் இங்கே சேர்மன், அதே சமயம் ராஜாஜி சேலத்தில் சேர்மன். ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவரப் பாடுபட்ட மனிதர். 1919இல் அத்தனை பதவியையும் உதறிவிட்டுக் காங்கிரசுக்குப் போனார். நம் ஆட்கள் ஜன்னலோர நாற்காலியையாவது விடுவார்களா?" ஆட்டோவில் வழிநெடுகப் பாடம்.

பெரியார் அண்ணா நினைவகத்தின் முன் இறங்கியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 10.40.

"நீங்கள் போங்கள் மாப்பிள்ளை. ராகு காலம். பன்னிரண்டுக்கு மேல் வருகிறேன்."

யார் வீட்டு வாசலில் நின்று இதைச் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவேயில்லை. உள்ளேயிருந்து கைத்தடி ஏதும் பறந்து வந்துவிடுமோ என்று எனக்குத்தான் பயம்.

அண்ணாவும் சில காலம் குடியிருந்த வீடு. புகைப்படங்களில் வெண்தாடிக்கு முந்தைய மண்டி வியாபாரியைத் தேடிக்கொண்டே நடந்தேன். நடுவில் வெளியே எட்டிப் பார்த்தால், மாமனார் நிழலில் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். கள்ளுக்கு எதிராகத் தன் தோப்பில் 500 தென்னைகளை வெட்டிச் சாய்த்தவர் வீட்டெதிரே, இரண்டாவது இளநீர்.

இளநீர் தன் வேலையைக் காட்டியது. 11.25க்கு மனிதர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். காவலரிடம் சுண்டுவிரலைக் காட்டினார். அவர் பின்பக்கம் கைகாட்ட, ஓட்டமும் நடையுமாகப் போனார்.

திரும்பி வந்தவரிடம், "வந்ததுதான் வந்துவிட்டீர்கள், அப்படியே பார்த்துவிடலாமே மாமா" என்றேன்.

"இது வருகையில் சேராது மாப்பிள்ளை."

கைக்குட்டையால் கையைத் துடைத்தபடி வெளியே போய்ப் பழைய இடத்தில் நின்றுகொண்டார். பன்னிரண்டு அடித்ததும் வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்து, முதல் வேலையாக வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். பெயர், ஊர், கையெழுத்து. பக்கத்தில், யாரும் கேட்காமலேயே, நேரம்: 12.02.