சார்ஜரைப் பிடுங்கினால் பிந்தும் கடிகாரம்

மூன்று வாரமாக என்னை ஆட்டிவைத்த கோளாறு நேற்று ராத்திரி பிடிபட்டது. லேப்டாப் கடிகாரத்தில் கோளாறு ஒன்றுமே இல்லை, எல்லாம் வைஃபை செய்த வேலை!

வீட்டில் நேரம் கொடுப்பது ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி. ஜிபிஎஸ் நொடிக்கு ஒன்றாகத் தரும் பிபிஎஸ் துடிப்பை வைத்து, நேரத்தைச் சரிபார்க்கும் க்ரோனி என்ற மென்பொருள் ஓடுகிறது. பழைய லேப்டாப்பை லேன் கேபிளில் மாட்டினால் விலகல் 30 மைக்ரோசெகண்டுக்குள் அடங்கிவிடும். சார்ஜரோடு வைஃபையில் ஓடினாலும் ஒரு மில்லிசெகண்டைத் தாண்டாது. சார்ஜரைப் பிடுங்கினால்தான் வினை. லேப்டாப்பில் உள்ள க்ரோனியைக் கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லும். லேன் கேபிளைச் செருகியதும் குட்டு உடையும். 20, 30 மில்லிசெகண்ட் பின்னால் நிற்கும். எப்போதும் பிந்தும், ஒருநாளும் முந்தாது. இதையாவது நான் முதலில் யோசித்திருக்கலாம்.

பேட்டரி என்றதும் பிராசசர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டேன். அதன் வேகத்தை ஆளும் கவர்னரை மாற்றினேன், அது தூங்கும் சி-ஸ்டேட்டை அடைத்தேன், நேரம் எண்ண டிஎஸ்சி என்ற எண்ணியை விட்டு ஹெச்பெட் என்ற இன்னொன்றுக்குத் தாவினேன். இரண்டு வாரம் வீண்.

அப்புறம் பிங், அதாவது பைக்குச் சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளப்பது. நொடிக்கு ஐந்து தடவை அனுப்பினால் 2 மில்லிசெகண்டில் சமர்த்தாகப் பதில் வருகிறது. தேடப் போனால் ஒளிந்துகொள்ளும் ரகம். 64 நொடிக்கு ஒன்று என்று, க்ரோனி கேட்கும் அதே இடைவெளியில் அனுப்பினேன்: 40, 75, 98! அடிக்கடி தட்டினால் வைஃபை அட்டை விழித்தே இருக்கிறது, விட்டுவிட்டால் தூங்குகிறது. தூங்கும் அட்டைக்கு வந்த பாக்கெட்டை ரௌட்டர், தான் சீராக விடும் அடுத்த அறிவிப்பு சிக்னல் (பீக்கன்) வரை பிடித்து வைத்திருக்கும். பீக்கன் இடைவெளி வழக்கமாக 102.4 மில்லிசெகண்ட். போகும்போது தாமதமில்லை, திரும்பும்போது மட்டும் தாமதம். க்ரோனி நேரம் கேட்கும் என்டிபி முறையோ போக வர ஒரே நேரம் என்று நம்பும் அப்பாவி. திரும்பும் வழியில் 60 கூடினால் கணக்கில் 30 பிசகும், கடிகாரத்தைப் பின்னால் இழுத்துவிடும்.

அட்டையைத் தூங்கவைக்கும் பவர் சேவ் வசதியை அணைத்தேன், சரியானது. காலையில் சார்ஜரைப் பிடுங்கினேன், பழைய கதை! பேட்டரியை மிச்சப்படுத்தும் டிஎல்பி என்ற மென்பொருளை நிறுவியிருந்ததை மறந்தே போயிருந்தேன். பேட்டரிக்கு மாறும்போதெல்லாம் அது பவர் சேவ் வசதியை ஆன் செய்யும். அதன் இயல்பமைப்பே அப்படி. அதன் அமைப்புக் கோப்பில் அந்த வரியையும் ஆஃப் ஆக்கியபின் இன்று முழுக்க 2 மில்லிசெகண்டைத் தாண்டவில்லை.

ஜிபிஎஸ் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் நியோ-6எம் என்ற ஜிபிஎஸ் பலகை கேட்டேன். தந்த பலகையில் பிபிஎஸ் பின் வெளியே எடுக்கப்படவே இல்லை. சிப் காலிலிருந்து மயிரிழைக் கம்பியைப் பற்றவைத்துக் கண் பூத்துப்போனது. பின்களை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப் ஒன்று வாங்கி ராஸ்பெர்ரி பையில் மாட்ட வேண்டும். லேப்டாப்பில் இன்னொரு சிக்கலும் பாக்கி: மூடி வைத்ததைத் திறந்தால் முதல் சில நிமிடம் நேரம் இன்னும் ஒரு நொடி வரை தள்ளி நிற்கிறது. க்ரோனி அமைப்பில் மேக்ஸ்டெப் வரியில் 1 3 என்றுதான் இருக்கிறது, அதாவது விலகல் 1 நொடியைத் தாண்டினால், அதுவும் முதல் மூன்று திருத்தத்துக்கு மட்டும்தான், நேரம் ஒரே தாவலில் சரியாகும். 3-ஐ -1 ஆக்கி (எத்தனை தடவை என்ற கணக்கே இல்லை), 1 நொடி வரம்பையும் குறைத்து இன்று ராத்திரி பார்க்கிறேன்.