நானோ காம்போசிட் அடைப்பு: என் கடைவாய்ப் பல் கண்டது

கடைவாய்ப் பல்லின் சொத்தை கடினமான மேலுறையான எனாமலைத் தாண்டி, அதனடியில் உள்ள டென்டின் அடுக்குக்குள் இறங்கிவிட்டதை எக்ஸ்ரே காட்டியபோது, அதை நானோ காம்போசிட் கொண்டு அடைக்கலாம் என்றார் மருத்துவர். எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைத்ததும் அழிந்துபோவதால், இழந்த பகுதி தானாக வளர்வதில்லை.

பெயரைக் கேட்டு ஏதோ புதுமையான கருவியை எதிர்பார்த்திருந்தேன். வந்ததோ சிறு குழலில் அடைத்த, பல் நிறப் பசை. பிசினுக்குள் 100 நானோமீட்டருக்கும் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) சிறிய சிலிக்கா, சிர்கோனியா துகள்களை நெருக்கமாகச் சேர்த்திருப்பதால், மெல்லும்போது மேற்பரப்பு தேய்ந்தாலும் பளபளப்பு எளிதில் மங்காதாம்.

மரத்துப்போக ஊசி போட்டுச் சொத்தையைச் சுரண்டியது விரைவில் முடிந்தது. அதன் பிறகுதான் பொறுமை தேவைப்பட்டது. உமிழ்நீர் படாதிருக்கப் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பை மாட்டி, பசை பற்றிக்கொள்ளப் பல்லின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும் பாஸ்பாரிக் அமிலக் கூழைச் சில நொடிகள் தடவிக் கழுவி, பிணைப்புத் திரவம் பூசி, பசையை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றையும் நீல ஒளியால் இறுக வைத்தார். மொத்தமாக வைத்தால் ஒளி அடிவரை எட்டாது. இறுகும்போது பசை சுருங்குவதால் விளிம்பில் இடைவெளியும் விழலாம். துகள் எத்தனை நுண்ணியதானாலும், ஒரு துளி ஈரம் பிணைப்பைக் கெடுத்துவிடும் என்பதுதான் எனக்கு வியப்பு.

பின்னர் சில நாள்கள் குளிர்நீர் பட்டால் கூசியது. டென்டினில் உள்ள, ஓரிரு மைக்ரோமீட்டர் அகலமே கொண்ட நுண்குழல்களில் திரவம் அசைவதே இக்கூச்சத்துக்குக் காரணம் என்று விளக்கி, அவற்றின் வாயை அடைக்கக்கூடிய நானோ ஹைட்ராக்ஸிஅபடைட் (பல்லின் முக்கியக் கனிமத்தின் நுண்துகள்) கலந்த பற்பசையைத் தந்தார். ஜப்பானில் 1980களிலேயே இவ்வகைப் பற்பசை விற்பனையில் இருந்திருக்கிறது. கூச்சம் அடங்கியது, ஆனால் அது பற்பசையாலா, தானாகவா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், காந்தப்புலத்தால் இயங்கும் நானோ ரோபோக்கள் அதே நுண்குழல்களுக்குள் ஆழமாகச் சென்று, வெப்பத்தால் பாக்டீரியாவை அழித்தன. வேர் சிகிச்சைக்குப் பின்னும் எஞ்சும் கிருமிகளை எட்டும் வழி என்பதால், என் மதிப்பில் இதுவே இத்துறையின் மிகப் பயனுள்ள திசை. ஆனால் சோதனை நடந்தது பல் மாதிரிகளில். அடுத்த சொத்தைக்கு அது கிடைக்குமா என்று கேட்டேன். இப்போதைக்கு இந்த அடைப்பின் விளிம்பைக் கவனிக்க மறுபரிசோதனைக்கு வந்தால் போதும் என்றார்.